ஓவர்பவர்டு (ஓபி): தமிழ்ல என்ன சொல்லலாம்?

காமிக்ஸ் படிக்கிறவங்களும் கேம் ஆடுறவங்களும் ஒரு கேரக்டரைக் கழுவி ஊத்தணும்னா முதல்ல எடுக்கிற வார்த்தை இதுதான். "சூப்பர்மேன் செம ஓபிப்பா, அதான் படிக்கவே போரடிக்குது" அப்படின்னு. கதைக்கு, இல்ல ஆட்டத்துக்கு, தேவையான அளவைத் தாண்டி பவர் இருக்கிறதுன்னு பொருள். வெறும் பலசாலின்னு அர்த்தம் இல்லைங்க. மலையைத் தூக்குறவனுக்கு எதிர்ல மலையைத் தூக்குற இன்னொருத்தன் நின்னா அவனை யாரும் ஓபின்னு திட்டப் போறதில்ல.

சொல் வந்த வழி கொஞ்சம் வேடிக்கையானது. இங்கிலீஷ்ல ஓவர்பவர்னா ஒருத்தரை பலத்தால அடக்குறது, அந்தக் கணக்குல ஓவர்பவர்டுன்னா அடங்கிப்போனவன், அதாவது தோத்தவன்! திருடன் ஓவர்பவர்டுன்னு செய்தி வந்தா அவனை அமுக்கிட்டாங்கன்னு அர்த்தம். ஆனா வண்டி விஷயத்துல, தாங்குறதுக்கு மீறின எஞ்சின் வெச்ச வண்டியையும் அப்படித்தான் சொல்லுவாங்க, கேம்காரங்க பேசுறது இதுக்குத்தான் பக்கம். ஒரு ஆயுதமோ ஹீரோவோ மத்த எல்லாத்தையும் தூக்கிச் சாப்பிட்டா ஓபி, அடுத்த அப்டேட்ல அதோட பவரைக் குறைச்சா நெர்ஃப். நெர்ஃப்ங்கிறது ஸ்பாஞ்சு தோட்டா சுடுற பொம்மைத் துப்பாக்கி பிராண்டு, நல்லா இருந்த துப்பாக்கியை பொம்மையாக்கிட்டாங்கன்னு கிண்டல்.

வார்த்தை காமிக்ஸுக்குப் புதுசு, வியாதி ரொம்பப் பழசு. 1938ல ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழ்ல வந்த சூப்பர்மேனுக்குப் பறக்கவே தெரியாது. எட்டுல ஒரு பங்கு மைல் தாவுவார், 20 மாடிக் கட்டடத்தைத் தாண்டுவார், எக்ஸ்பிரஸ் ரயிலை விட வேகமா ஓடுவார், பீரங்கி குண்டு வெடிச்சாத்தான் தோல்ல ஓட்டை விழும். அதாவது பீரங்கி வந்தா அவருக்கும் ஆபத்து, எனக்குப் பிடிச்ச சூப்பர்மேன் இவர்தான். அப்புறம் பறக்க ஆரம்பிச்சார், கண்ணுல நெருப்பு, ஊதினா பனி, காலத்தைத் தாண்டிப் போயிட்டு வர்றது, கிரகத்தையே தள்ளுறதுன்னு போயிட்டே இருந்துச்சு. உச்சம்னா 1958ல வந்த 'சூப்பர்மேன்' காமிக்ஸோட 125ஆவது இதழ், அதுல மத்த பவர் எல்லாம் போய் அவர் கையிலிருந்து ஒரு குட்டி சூப்பர்மேன் கிளம்பும், அது எல்லா வேலையையும் முடிச்சு பேர் வாங்க இவர் அதைப் பார்த்துப் பொறாமைப்படுவார். சத்தியமா இது நிஜக் கதை.

இப்படி ஏத்திக்கிட்டே போனா எழுதுறவங்க மாட்டிக்குவாங்க. ஜெயிப்பாரா மாட்டாரான்னு பதறவே வழியில்ல, அதனால ஹீரோவைத் தாமதப்படுத்த ஏதாவது சாக்கு தேடணும். கண்ணிமைக்கிற நேரத்துல உலகத்தைச் சுத்துறவர் பாம் வெடிக்க மூணு செகண்ட் இருக்கும்போதுதான் வந்து சேருவார், ஏன்னு கேக்கக் கூடாது! இன்னொரு சாக்கு, கிட்ட வந்தாலே சூப்பர்மேன் பலத்தைப் பிடுங்கிடுற கிரிப்டோனைட். 1943ல ரேடியோ நாடகத்துல வந்து 1949ல காமிக்ஸுக்குள்ள நுழைஞ்ச கல்லு, அப்புறம் பச்சை பத்தாம சிவப்பு, தங்கம், நீலம்னு பெயிண்ட் கடை மாதிரி ஆயிடுச்சு. கடைசியில அவங்களே நெர்ஃப் பண்ண வேண்டியதாப் போச்சு: 1971ல பூமியில இருந்த கிரிப்டோனைட்டை எல்லாம் இரும்பாக்கி கூடவே அவர் பவரையும் குறைச்சாங்க, அதுவும் நிலைக்கல, திரும்ப 1986ல காமிக்ஸ் எழுத்தாளர் ஜான் பைர்ன் வந்து, விண்வெளிக்குப் போனா மூச்சைப் பிடிச்சுக்கணும்ங்கிற அளவுக்கு இறக்கினார்.

சரி, ஒரே அடியில எல்லாரையும் முடிக்கிற ஜப்பான் காமிக்ஸ் ஹீரோ ஒன் பஞ்ச் மேன் ஏன் போரடிக்கலன்னு கேப்பீங்க. அங்க கேள்வியே வேற, ஜெயிச்சு ஜெயிச்சு சலிச்சுப் போனவன் என்ன பண்ணுவான்கிறதுதான் கதை, அதுக்கு அவ்வளவு பலமும் வேணும். அதனால என் கணக்குல அவர் ஓபியே கிடையாது.

தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். 'எல்லாம் வல்ல'ன்னு சிலர் போடுறாங்க, அது கடவுளுக்குச் சொல்றது, இங்கிலீஷ்ல ஆம்னிபொடென்ட். பச்சைக்கல்லைப் பார்த்தா சுருண்டு விழுறவரை அப்படிக் கூப்பிடலாமா? 'அதிசக்தி' வெறும் பாராட்டு, போஸ்டர்ல போடத்தான் லாயக்கு, அதுல குறை சொல்ற தொனியே இல்ல. எனக்குச் சரியாப் படுறது மிகைவலு. மிகைங்கிற சொல்லுக்கு 'வேண்டாத கூடுதல்'ங்கிற அர்த்தம் நல்லாவே ஊறியிருக்கு. பிறப்பறுக்க நினைக்கிறவங்களுக்கு "உடம்பும் மிகை"ன்னு குறள்ல (345) வரும், அந்த வேலைக்கு உடம்பே அதிகப்படிதான்னு. நன்னூல் பத்துக் குற்றம்னு அடுக்கும்போது குன்றக் கூறலுக்கு அடுத்தே மிகைபடக் கூறலை வைக்குது, காமிக்ஸ் எழுதுறவங்களுக்கும் அப்படியே பொருந்தும். 'வலு' பேச்சுலயே இருக்கிற சொல், யாருக்கும் விளக்க வேண்டாம்.

நெர்ஃபுக்கு 'வலுக்குறைப்பு' போதும். வாக்கியத்துல போட்டா: "1958 சூப்பர்மேன் படு மிகைவலு, 1986ல வலுக்குறைப்பு பண்ணதுக்கு அப்புறம்தான் சண்டையில கொஞ்சம் சுவாரஸ்யம் வந்துச்சு." ஓபின்னே சொல்லிப் பழகினவங்க அப்படியே சொல்லிக்கோங்க, ஆனா எல்லாம் வல்லன்னு மட்டும் எழுதாதீங்க.