கையெழுத்துப் போட்டால் போட்டதுதானா?

டொரண்டோவில் வாடகைத் தகராறுகளைப் பார்க்கும் பாராலீகல் நான், அதாவது வழக்கறிஞர் அல்லாத சட்டப் பிரதிநிதி. செப்டம்பரில் கல்லூரி திறந்து வெளிநாட்டு மாணவர்கள் வந்தால் இதே கூத்துதான் என்று பழகியிருந்தேன். ஆனால் போன வாரம் ஒரு மதுரைப் பையன் கொண்டுவந்த லீஸைப் படித்த பிறகு பொறுமை போய்விட்டது. டொரண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் ஒரு பேஸ்மென்ட் அறை. ஆறு மாத வாடகை முன்பணம், அதற்கு மேல் டேமேஜ் டெபாசிட், நண்பர் இரவு தங்கினால் அபராதம். "கையெழுத்து போட்டுட்டேனே அக்கா, இனிமே என்ன பண்ண முடியும்?" என்கிறான்.

நிறையப் பண்ணலாம் தம்பி. ஒன்டாரியோவின் 2006ஆம் ஆண்டு குடியிருப்பு வாடகைச் சட்டத்துக்கு முரணான நிபந்தனை எதுவும் செல்லாது. நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தாலும் செல்லாது, கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்திருந்தாலும் செல்லாது. வீட்டுக்காரர் வாங்கக்கூடிய வாடகை டெபாசிட் ஒன்றுதான்: கடைசி மாத வாடகை. அதைக் கடைசி மாதத்துக்குத்தான் கழிக்க வேண்டும், சுவரில் விழுந்த கீறலுக்கு இல்லை. சேதம் என்றால் அவர் இந்தத் தகராறுகளை விசாரிக்கும் வாடகை வாரியத்துக்குப் போய் நிரூபிக்கட்டும். சாவிக்கு டெபாசிட் வாங்கலாம், அதுவும் சாவி செய்யும் செலவுக்கு மேல் கூடாது, திருப்பியும் தர வேண்டும். எழுத்தில் லீஸே இல்லையா? வாய்ப்பேச்சில் முடித்த வாடகைக்கும் இதே சட்டம்தான். வாரியத்துக்குப் போனால் விசா போய்விடும் என்பதும் வெறும் புரளி.

ஒரு கெஞ்சல். "நானே விரும்பி ஆறு மாத வாடகையை முன்கூட்டித் தருகிறேன்" என்று மின்னஞ்சல் மட்டும் அனுப்பிவிடாதீர்கள். விசாரணையில் எதிர்த்தரப்பு முதலில் நீட்டுவது அதைத்தான்.

நான் கையைப் பிசைகிற இடங்களும் உண்டு. சமையலறையையோ குளியலறையையோ வீட்டு உரிமையாளரோடு, அல்லது அவருடைய கணவன், மனைவி, பிள்ளை, பெற்றோரோடு பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு என்றால் இந்தச் சட்டம் உங்களுக்கு இல்லை. அவர் மாடியில் இருந்து, பேஸ்மென்டில் உங்களுக்கென்று தனி அடுப்பும் குளியலறையும் இருந்தால் கவலையில்லை. அப்புறம், வீட்டை வாடகைக்கு எடுத்த இன்னொரு மாணவரிடம் அறை எடுப்பது. அவரோடு தகராறு வந்தால் வாரியம் பெரும்பாலும் கைவிரித்துவிடும். இரண்டையும் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பிள்ளைகளை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? கல்லூரிகள் வெளிநாட்டு மாணவர் சேர்க்கையை ஏற்றிக்கொண்டே போயின, விடுதி கட்டுவதை மறந்துவிட்டன. டொரண்டோ பல்கலைக்கழகத்தின் ஸ்கார்பரோ வளாகத்தில் 746 பேர் தங்கும் ஹார்மனி காமன்ஸ் விடுதி 2023இல்தான் திறந்தது. மறு ஆண்டே அரசு படிப்பு அனுமதிகளுக்கு உச்சவரம்பு வைத்தது. அனுமதிக்குக் காட்ட வேண்டிய ஓராண்டு வாழ்க்கைச் செலவுத் தொகை 2025 செப்டம்பர் முதல் 22,895 டாலர். மாதத்துக்கு வகுத்தால் சுமார் 1,900. டொரண்டோவில் ஒற்றைப் படுக்கையறை வீட்டு வாடகையே அதைத் தாண்டும். அதனால்தான் ஒரு பேஸ்மென்டில் ஏழெட்டுப் பேர்.

நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட அறைகளைத் தனித்தனியாக வாடகைக்கு விடும் வீட்டுக்கு நகராட்சி உரிமம் வேண்டும். 2024 மார்ச் 31 முதல் ஸ்கார்பரோவிலும் அந்த உரிமம் கிடைக்கிறது, ஆகவே வீட்டுக்காரரிடம் கேளுங்கள். புகை அலாரம் இல்லாத பேஸ்மென்டில் ஒரு நாள்கூடப் படுக்காதீர்கள்.

ஊரிலிருந்தே பணம் அனுப்பும் பெற்றோருக்கு: போட்டோவை நம்பி அனுப்பாதீர்கள். வீடியோ அழைப்பில் அறையைக் காட்டச் சொல்லுங்கள், முடிந்தால் சீனியர் யாரையாவது நேரில் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். இன்டராக் என்ற கனடா வங்கிப் பணப்பரிமாற்றத்தில் அனுப்பி, எதிராளி எடுத்துக்கொண்ட பணம் திரும்பி வராது. கொடுக்கும் ஒவ்வொரு டாலருக்கும் ரசீது கேளுங்கள். கேட்டால் இலவசமாகத் தந்தே ஆக வேண்டும் என்பது சட்டம்.

ஏற்கனவே கூடுதலாகக் கட்டிவிட்டவர்கள் பணத்தைத் திரும்பக் கேட்டு வாரியத்தில் டி1 விண்ணப்பம் போடுங்கள். பணத்தை வாங்கிய நாளிலிருந்து ஓராண்டுதான் கெடு. தேர்வு முடியட்டும் என்று தள்ளிப்போட்டுப் பதினான்காவது மாதம் வந்து நின்றால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது.