நகத்துக்கு எத்தனை நம்பர் உப்புத்தாள்?

"ரசம் சாதம் பிசையும்போது விரல் நுனியெல்லாம் சுருக்குன்னு எரியுது டாக்டர். எலுமிச்சம்பழம் பிழியவே முடியல."

புரட்டாசி மாதத்தில் ஒரு மாலை, நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவி ஒருத்தி இப்படிச் சொல்லிக்கொண்டே இரண்டு கைகளையும் என் மேசைமேல் வைத்தாள். நகச்சுற்று இல்லை, வீக்கம் இல்லை, சீழ் இல்லை. ஆனால் பத்து விரல்களில் எட்டில் ஒரே மாதிரி அடையாளம். நகத்தின் நுனிப்பக்கம் அகன்றும் உள்ளே போகப் போகக் குறுகியும் ஒரு சிவந்த முக்கோணம். அந்த இடத்தில் நகம் வெங்காயச் சருகுபோல மெலிந்து, அடியிலிருக்கும் சதையின் நிறம் அப்படியே தெரிந்தது. லேசாகத் தொட்டாலே நகம் வளைந்தது.

அக்கா கல்யாணத்துக்கு மருதாணி வைத்திருக்கிறாள். கல்யாணம் முடிந்து கொஞ்ச நாளில் வார்டு போஸ்டிங். கையில் நிறத்தோடு போய் நின்றால் திட்டு விழும் என்று சீனியர்கள் பயமுறுத்தியிருக்கிறார்கள். உள்ளங்கையில் மங்கிவிட்டது, நகத்தில் மட்டும் போகவில்லை. ஆன்லைனில் வெள்ளை நிற நெயில் பஃபர், அதாவது நகத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கும் கட்டி, பத்து கொண்ட பாக்கெட்டாக வாங்கி தினமும் இரவு படுக்குமுன் ஒவ்வொரு நகமாகத் தேய்த்திருக்கிறாள். பத்து நாள். "அது ஸ்பாஞ்ச் மாதிரி மெத்துனுதான டாக்டர் இருக்கு, என்ன பண்ணிடப் போகுதுன்னு நினைச்சேன்."

தோல் மருத்துவராக இத்தனை வருடத்தில் இந்த ஒரு வாக்கியத்தைப் பலர் வாயால் கேட்டுவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். பஃபர் தேய்த்தெடுப்பது அழுக்கை அல்ல, நகத்தையே. உள்ளே இருப்பது பஞ்சுதான், ஆனால் மேலே ஒட்டியிருப்பது உப்புத்தாள். பளபளப்பு வருவதும் அப்படித்தான். மேடு பள்ளமாக இருக்கும் மேல்பரப்பைச் சீவிச் சமமாக்கினால் வெளிச்சம் சிதறாமல் திரும்புகிறது, நகம் மின்னுகிறது.

சீவுவதற்கு அங்கே எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். ஒரு பெண்ணின் கைவிரல் நகம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் கனம்தான். அதிலும் மேலே இருக்கும் அடுக்குதான் கெட்டியானது, கீழே போகப் போக மிருது. நாம் முதலில் தேய்த்து எடுப்பது அந்தக் கெட்டியான அடுக்கை. நகத்துக்குத் தோலைப்போல ஆறிக்கொள்ளத் தெரியாது. நாம் பார்க்கும் நகம் கெரட்டின் என்ற புரதத்தாலான உயிரில்லாத தகடு. நகக்கண்ணுக்கு உள்ளே, தோலுக்கு அடியில் இருக்கும் வேரில்தான் அது விளைகிறது. கைநகம் மாதத்துக்கு சுமார் 3 மில்லிமீட்டர் வளரும். முழுசாக மாற ஆறு மாதம். கால் கட்டைவிரல் என்றால் ஒரு வருடம், ஒன்றரை வருடம். பத்து நாளில் தேய்த்ததைத் திரும்பப் பெற ஆறு மாதம் காத்திருக்க வேண்டும், வேறு வழியில்லை.

மருதாணியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதன் நிறம் கெரட்டினோடு போய் ஒட்டிக்கொள்ளும். தோல் அடிக்கடி உரிந்து புதுசாவதால் கையில் இரண்டு வாரத்தில் காணாமல் போகிறது. நகம் உரிவதில்லை, நிறம் நகத்துக்குள்ளும் ஊறியிருக்கிறது. தேய்த்து எடுக்க நினைத்தால் நிறம் போகுமுன் நகம் போய்விடும். அந்தப் பெண்ணுக்கு அதுதான் நடந்தது. அவ்வளவு தேய்த்தும் வெளிர் ஆரஞ்சு நிறம் மிச்சமிருந்தது.

இனி கடையில் என்ன பார்த்து வாங்குவது என்பதற்கு வருகிறேன். வீட்டுக் கதவுக்கு பாலிஷ் போட வரும் ஆசாரி முதலில் 80 நம்பர் உப்புத்தாளை எடுப்பார், பிறகு 120, 220, கடைசியில் அதைவிடப் பொடி. நம்பர் ஏற ஏற மணல் பொடிசாகும், குறையக் குறையச் சொரசொரப்பு. நகத்தை ராவ விற்கும் ஃபைலுக்கும் பஃபருக்கும் இதே கணக்குதான். 80, 100 எல்லாம் பார்லரில் ஒட்டும் அக்ரிலிக் நகத்தைச் செதுக்க. சொந்த நகத்தின் நுனியைச் சீராக்க 240 போதும். நகத்தின் மேல்பரப்பில் படவே கூடாதது 240க்குக் கீழே உள்ள எதுவும். பளபளப்புக்கென்று இருக்கும் பக்கம் 1000க்கும் மேலே இருக்கும், தொட்டால் ஏறக்குறைய ரெக்ஸின்போல வழுக்கும்.

பாக்கெட் பாக்கெட்டாக மலிவாகக் கிடைக்கும் வெள்ளைக் கட்டிகள் பெரும்பாலும் 100இலிருந்து 180க்குள் இருப்பவை. ஜெல் பாலிஷோ அக்ரிலிக் நகமோ போடுமுன் பிடிமானத்துக்காகச் சொரசொரப்பாக்க பார்லரில் வைத்திருப்பது அது. அதைக் கொண்டு வீட்டில் மின்னும் நகத்தைத் தேடுவது, பித்தளைக் குத்துவிளக்கை அரம் போட்டுத் துலக்குவதற்குச் சமம். நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு நிறம் வைக்கிறது. நம்பர் அச்சிடாத பஃபரை வாங்கவே வேண்டாம். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், உங்கள் முன்கையின் உள்பக்கத்தில் ஒரு தடவை மெதுவாக இழுத்துப் பாருங்கள். வெள்ளையாகக் கோடு விழுந்தால் அது நகத்தின் மேல்பரப்புக்கு ஆகாது.

வீட்டு உபயோகத்துக்கு நான் சொல்வது நான்கு பக்கமுள்ள கட்டி. பக்கத்துக்கு ஒன்றாக 1 முதல் 4 வரை எண்களும் அதிலேயே போட்டிருக்கும். முதல் பக்கம் நுனியைச் சீராக்க, இரண்டாவது வரிகளைக் குறைக்க, மூன்றாவது வழவழப்பாக்க, நான்காவது மினுக்க. முக்கால்வாசிப் பேருக்கு இரண்டாவது பக்கமே தேவையில்லை. மூன்றும் நான்கும் போதும். இப்போது கண்ணாடியில் செய்த பஃபரும் வருகிறது. கழுவிக்கொள்ளலாம் என்பது அதில் நல்ல விஷயம். "கண்ணாடிதானே, தேயாது" என்று நினைத்துத் தினமும் தேய்த்தால் அதுவும் நகத்தைச் சீவத்தான் செய்யும். சுழலும் மெஷின் பஃபரை மட்டும் வீட்டில் கையில் எடுக்காதீர்கள். ஒரு இடத்தில் இரண்டு நொடி அதிகம் நின்றால் சூடு ஏறி, நகத்தின் அடிச் சதை வெந்துபோய் வருகிறவர்களைப் பார்க்கிறேன்.

தேய்க்கும் முறை சுருக்கமானது. பாத்திரம் கழுவிய கையோடோ குளித்த உடனேயோ உட்காராதீர்கள். தண்ணீர் குடித்த நகம் ஊறி மிருதுவாகியிருக்கும், அப்போது இன்னும் சீக்கிரம் தேயும். நன்றாகக் காய்ந்த பிறகு, நுனியை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒரே திசையில் ஃபைல் செய்யுங்கள். மேல்பரப்பில் மூன்றாவது பக்கத்தால் நான்கைந்து இழுப்பு, நான்காவதால் பத்து இழுப்பு, அவ்வளவுதான். கட்டியை அழுத்தாமல், அதன் எடையே போதும் என்கிற மாதிரி பிடிக்க வேண்டும். சூடு தெரிந்தால் அது ஏற்கெனவே அதிகம். நகக்கண் ஓரத்துத் தோலில் படவே விடாதீர்கள். அந்தத் தோல்தான் நகவேருக்குள் தண்ணீரும் கிருமியும் இறங்காமல் அடைத்து வைத்திருக்கும் சீல். அது கிழிந்தால் அடுத்த வாரம் நகச்சுற்றோடு விரலில் எலுமிச்சம்பழம் செருகிக்கொண்டு உட்கார வேண்டிவரும். முடித்ததும் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெயை நகத்திலும் ஓரத்திலும் தடவுங்கள். மாதம் ஒரு முறைக்கு மேல் வேண்டாம்.

எனக்கு இதைவிட அதிகக் கவலை தருவது இன்னொன்று. நகத்தில் தெரியும் வரியையும் குழியையும் அழகுக் குறையாக மட்டும் பார்த்துத் தேய்த்து அழிப்பது. நாற்பதைத் தாண்டியவர்களுக்கு நகத்தில் நெடுக்குவாக்கில் மெல்லிய வரிகள் வருவது முகச்சுருக்கம் மாதிரி இயல்பானது, பயமில்லை. குறுக்குவாக்கில் பள்ளம் விழுந்தால் கதை வேறு. போன வருடம் ஒரு டீச்சர், பத்து நகத்திலும் குறுக்கே ஒரு பள்ளம் என்று வந்தார். இரண்டு நகத்தை ஏற்கெனவே தேய்த்துச் சமமாக்கியிருந்தார். மீதியில் நான் ஸ்கேல் வைத்து அளந்தேன். நகக்கண்ணிலிருந்து பள்ளம் வரை 6 மில்லிமீட்டர். "ரெண்டு, ரெண்டரை மாசத்துக்கு முன்னால பெரிய காய்ச்சல் ஏதாவது வந்துச்சாம்மா?" என்றேன். டெங்குவில் ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறார். உடம்புக்குப் பெரிய அடி விழும்போது நகவேர் கொஞ்ச நாள் வேலையை நிறுத்துகிறது. அதன் தழும்புதான் அந்தப் பள்ளம். 1846இல் இதை விவரித்த பிரெஞ்சு மருத்துவர் ஜோசப் போ பெயரால்தான் இன்றும் அதை அழைக்கிறோம். கடும் காய்ச்சல், ஆபரேஷன், கீமோதெரபி என எதற்குப் பிறகும் வரலாம். அது தானாக வளர்ந்து வெளியேறும், தேய்க்க வேண்டிய அவசியமே இல்லை.

ஊசியால் குத்தியதுபோலச் சின்னச் சின்னக் குழிகள் சொரியாசிஸ் என்ற தோல் நோயாக இருக்கலாம். அவர்கள் பஃபரைத் தொடாமலிருப்பதே நல்லது, தேய்க்கத் தேய்க்க அந்த இடத்தில் நோய் கிளறிக்கொள்ளும். நகம் கரண்டிபோல உள்வாங்கினால் இரும்புச்சத்தைப் பார்க்க வேண்டும். கட்டைவிரல் நகத்தின் நடுவில் மட்டும் ஏணிப்படி மாதிரி வரிசையாக வரிகள் இருந்தால், பெரும்பாலும் ஆள்காட்டி விரலால் நகக்கண்ணைச் சுரண்டிக்கொண்டே இருக்கும் பழக்கம்தான் காரணம். டிவி பார்க்கும்போது உங்கள் கை என்ன செய்கிறது என்று வீட்டிலிருப்பவரைக் கவனித்துச் சொல்லச் சொல்லுங்கள். நகம் மஞ்சளாகித் தடித்து உதிர்ந்தால் அது பூஞ்சையால் வரும் நகச்சொத்தையா என்று சோதித்துப் பார்க்க வேண்டும்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. ஒரே ஒரு நகத்தில் புதிதாக நெடுக்கே கறுப்புக் கோடு வந்து, அது அகலமாகிக்கொண்டே போனாலோ, கறுப்பு ஓரத்துத் தோலிலும் பரவினாலோ உடனே காட்டுங்கள். நம் மாதிரி மாநிறத்தவர்களுக்குப் பல நகங்களில் பழுப்புக் கோடு இருப்பது சகஜம். ஆனால் மேலே சொன்ன மாதிரி தனியாக வருவது சில சமயம் நகத்தில் வரும் புற்றுநோயின் ஆரம்பமாக இருக்கும். பஃபருக்கு மசியவில்லை என்று பாலிஷ் போட்டு மறைத்துவிடாதீர்கள்.

வீட்டில் ஒரே பஃபரை அம்மா, பெண், மருமகள் என்று எல்லோரும் பயன்படுத்துவதையும் பார்க்கிறேன். பஞ்சுக்குள் போகும் நகத்தூளைக் கழுவி எடுக்க முடியாது. கிருமிநாசினியில் ஊறவைத்தால் பஞ்சு ஈரமாகத்தான் இருக்கும், சுத்தமாகாது. நகச்சொத்தையும் நகத்தோரத்து மருவும் இப்படிக் கைமாறலாம். ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். சொரசொரப்பு போனதும் தூக்கிப் போடுங்கள். பார்லருக்குப் போனால் புதுசைப் பிரிக்கச் சொல்லிக் கேளுங்கள், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் கால் நகத்தில் பஃபர் போடவே வேண்டாம், காயம் பட்டால் தெரியாது.

அந்த மாணவிக்கு நான் மருந்து ஒன்றும் பெரிதாகத் தரவில்லை. நகத்தை ஒட்ட வெட்டி வைக்கச் சொன்னேன். இரவில் வாசலின், பாத்திரம் துலக்கும்போது கையுறை, பஃபரும் நெயில் பாலிஷ் ரிமூவரும் கூடாது. "பயோட்டின் மாத்திரை போடட்டுமா டாக்டர்?" என்று கேட்டாள். அது ஒரு பி வைட்டமின், தேய்த்து மெலிந்த நகத்துக்கு அதனால் பயனில்லை. அதோடு பயோட்டின் அதிக அளவில் எடுத்தால் தைராய்டு ரத்தப் பரிசோதனை போன்றவற்றில் தவறான முடிவு காட்டலாம். எடுக்கிறவர்கள் லேபில் சொல்லிவிட வேண்டும்.

கார்த்திகையில் வந்தபோது நகத்தின் நடுவில் ஒரு படிக்கட்டு தெரிந்தது. வேர்ப்பக்கம் தடித்த புது நகம், நுனிப்பக்கம் மெலிந்த பழைய நகம். விரலால் தடவிப் பார்த்து அவளே சிரித்தாள். மாசி மாதம் வந்தபோது மருதாணி நிறம் நகநுனியில் மெல்லிய பிறையாக மட்டும் மிச்சமிருந்தது. என் மேசையில் இருந்த நெயில் கட்டரைக் கேட்டு வாங்கி, அதை அங்கேயே வெட்டி, கீழே சிந்தாமல் காகிதத்தில் மடித்துக் குப்பைக்கூடையில் போட்டாள். ரசம் சாதம் இப்போது எரியவில்லையாம்.