நெகிழியாக்கி அன்று, நெகிழ்வூட்டி

பினாங்கில் பயனீட்டாளர் விளக்கக் கூட்டங்களிலும் தமிழ் அறிக்கைகளிலும் ‘நெகிழியாக்கி’ என்ற சொல் ஓயாமல் காதில் விழுகிறது. பிளாஸ்டிசைசருக்கு அதுதான் தமிழாம். பொருளையே மாற்றிவிடும் சொல் அது.

பிளாஸ்டிசைசர் பிளாஸ்டிக்கை உண்டாக்குவதில்லை. இருக்கும் பிளாஸ்டிக்கை இளக்குகிறது. பிவிசி என்ற பிளாஸ்டிக் இயல்பில் விறைப்பானது. தாலேட் போன்ற எண்ணெய்ப்பசையுள்ள நீர்மத்தைக் கலந்தால், அதன் மூலக்கூறுகள் பிவிசியின் நீண்ட சங்கிலிகளுக்கு இடையே புகுந்து பிடிப்பைத் தளர்த்தும். தண்ணீர்க் குழாயாக விறைத்து நிற்கும் அதே பிவிசி, மழைச்சட்டையாக, மின்கம்பி உறையாக, இரத்தப் பையாக வளையும். 1870இல் அமெரிக்காவின் ஹயட் சகோதரர்கள் செல்லுலாய்டு என்ற பழைய பிளாஸ்டிக்கைச் செய்தபோது இந்த வேலைக்கு உதவியது கற்பூரம்.

‘பிளாஸ்டிக்’ என்ற சொல்லின் மூலம் கிரேக்கம்: ‘பிளாஸ்டிகோஸ்’ என்றால் வேண்டிய உருவத்துக்கு வசப்படுவது. இதைக் காட்டித்தான் ‘நெகிழியாக்கி’க்கு வாதாடுகிறார்கள். ஆங்கிலத்தில் அந்தப் பழைய பொருள் இன்றும் உயிரோடு இருக்கிறது. தமிழில் ‘நெகிழி’ என்றதும் எவருக்காவது அந்தக் குணம் நினைவுக்கு வருமா? பினாங்கில் 2011 முதல் இலவச நெகிழிப்பை கிடையாது. நம்மவர்க்கு நெகிழி என்றால் அந்தப் பைதான், அந்தப் பொருள்தான். ஆகவே ‘நெகிழியாக்கி’ என்றால் நெகிழியைச் செய்யும் பொருள் என்றே கேட்பவர் கொள்வார். எல்லாப் பிளாஸ்டிக்கிலும் அது இருப்பதாக எண்ணித் தாய்மார்கள் தண்ணீர்ப் போத்தலைப் பார்த்து அஞ்சுகிறார்கள். அந்தப் போத்தலுக்குப் பொதுவாக அது தேவையே இல்லை. அஞ்ச வேண்டிய இடம் மென்மையான பிவிசி பொம்மை. ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் சில தாலேட்டுகளுக்குப் பொம்மைகளில் 0.1 விழுக்காடு என்று வரம்பு கட்டியது.

சன்னல் சட்டத்துக்கும் குழாய்க்கும் பயன்படும் யூபிவிசியை, அதாவது பிளாஸ்டிசைசர் சேர்க்காத (‘அன்பிளாஸ்டிசைஸ்டு’) பிவிசியை, இவர்கள் எப்படிச் சொல்வார்கள்? ‘நெகிழியாக்கப்படாத பிவிசி’ என்றா? நெகிழியே ஆகாத நெகிழி! மலாயில் ‘பெம்பிளாஸ்திக்’ என்று இருப்பதைப் பார்த்து, ‘பெம்’ என்ற முன்னொட்டுக்கு ‘ஆக்கி’ என்று ஒட்டிவிட்டுப் போவது மொழிபெயர்ப்பு ஆகாது. அந்தப் பொருள் என்ன செய்கிறது என்று ஒரு முறையாவது கேட்டிருக்க வேண்டும்.

‘இளக்கி’ பிழையில்லை, மலமிளக்கி என்று வழக்கிலும் உண்டு. ஆனால் என் தேர்வு ‘நெகிழ்வூட்டி’. நிறமூட்டி, சுவையூட்டி, இனிப்பூட்டி என்று உணவுப் பொட்டலத்தில் படித்துப் பழகியவர்க்கு, இது வெளியிலிருந்து சேர்க்கப்படுவது என்பதைச் சொல்லே உணர்த்திவிடும். சேர்த்தது என்பதால்தான் அது நாளடைவில் கசிந்து வெளியேறவும் செய்கிறது. பழைய மழைச்சட்டை விறைத்து வெடிப்பது அதனால். யூபிவிசியும் ‘நெகிழ்வூட்டாத பிவிசி’ என்று சிக்கலின்றி நிற்கும்.

கட்டுமானத்திலும் ஒரு பிளாஸ்டிசைசர் உண்டு. கான்கிரீட்டில் தண்ணீரைக் குறைத்தாலும் கலவை குழைவாக இருக்கச் சேர்ப்பது. அதையும் ‘நெகிழியாக்கி’ என்று எழுதினால், வீட்டுத் தூணில் பிளாஸ்டிக் கலக்கிறார்கள் என்றுதான் படிப்பவர் நினைப்பார். அங்கே ‘குழைவூட்டி’ என்று எழுதுங்கள்.