காதில் விழாத மெய்யெழுத்து

பள்ளிக்கூடமே செல்லாமல் வளர்ந்த பெரியவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் வாசகி ஒருவர் ஒரு சிக்கலை எழுதி அனுப்பியிருக்கிறார். அவருடைய மாணவர் ஒருவர் மூன்று மொழிகளைச் சரளமாகப் பேசக்கூடியவர். ஆனால் "'பேக்' என்ற சொல்லின் முதல் ஒலி எது?" என்று கேட்டால், "சாமான் வைக்கிறது" என்கிறாராம், வேறு விதமாகக் கேட்டாலும் "பேக்" என்று முழுச் சொல்லையே திருப்பிச் சொல்கிறாராம். காதில் கோளாறா, ஞாபகக் குறைவா, இல்லை வயதுதான் காரணமா என்பது வாசகியின் கேள்வி. மூன்றுமே இல்லை. அந்த மாணவரிடம் கேட்கப்படும் பொருள் பேச்சொலியில் தனியாக இருப்பதே இல்லை. எழுதப் படித்துவிட்ட நமக்குத்தான் அது இருப்பதுபோல் கேட்கிறது.

ஒலி என்பது காற்றின் அதிர்வு, தொண்டையில் பிறக்கும் அதிர்வை நாவும் உதடும் வடிவமைக்கின்றன என்பதெல்லாம் பள்ளியில் படித்ததுதான். சுவையான செய்தி இதற்கு அடுத்த படியில் இருக்கிறது. கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில், அமெரிக்காவின் ஹாஸ்கின்ஸ் ஆய்வகத்தில் ஆல்வின் லிபர்மனும் அவருடைய சகாக்களும் பார்வையற்றோருக்கு அச்சு நூல்களைப் படித்துக் காட்டும் இயந்திரம் ஒன்றை உருவாக்க முயன்றார்கள். எழுத்துக்கு ஓர் ஒலி என்று வைத்து, அவற்றை வரிசையாகக் கோத்தால் போதும் என்பது தொடக்கத்தில் இருந்த எண்ணம். அது பலிக்கவில்லை. பேச்சைப் பதிவுசெய்த ஒலிநாடாவை எங்கே வெட்டினாலும், உயிரின் சாயல் ஒட்டாத 'ப்', 'ட்' போன்ற மெய்யொலி கையில் சிக்கவில்லை.

'டாக்டர்' என்று சொல்லும்போது முதலில் வருகிறதே, அந்த ஒலியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பின்னால் 'இ' வந்தால், அதை அடையாளம் காட்டும் அதிர்வெண் பட்டை (ஒலி வலுத்திருக்கும் அதிர்வெண் பகுதி) ஏறத்தாழ 2200 ஹெர்ட்ஸில் தொடங்கி 2600 வரை மேலேறுகிறது. 'உ' வந்தாலோ, அதே பட்டை 1200 ஹெர்ட்ஸ் அளவில் தொடங்கி 700-க்குச் சரிகிறது. ஒன்று ஏற்றம், மற்றொன்று இறக்கம். தொடங்கும் இடம்கூட ஒன்றில்லை. இந்தச் சிறு துண்டுகளைத் தனியே வெட்டி ஒலிக்கவிட்டால், ஏறும் சீழ்க்கை ஒன்றும் இறங்கும் சீழ்க்கை ஒன்றும் கேட்கும், அவ்வளவுதான். இரண்டும் ஒரே மெய் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மெய்யை உச்சரிக்கத் தொடங்கும்போதே நாக்கு அடுத்த உயிருக்குத் தயாராகிவிடுவதால், இரண்டும் காற்றில் ஒன்றன்மேல் ஒன்று படிந்தே வெளிவருகின்றன. 'மெய்யின் இயக்கம் அகரமொடு சிவணும்' என்ற தொல்காப்பிய நூற்பாவை மனப்பாடம் செய்த காலத்தில், அதை வெறும் இலக்கண விதி என்றே நினைத்திருந்தேன். ஏறி இறங்கும் அந்தப் பட்டைகளின் படத்தைப் பார்த்த பிறகுதான் அதன் கூர்மை எனக்கு உறைத்தது.

அப்படியானால் நாம் எப்படி அதைப் பிரித்துக் கேட்கிறோம்? அகரவரிசை எழுத்து நமக்குக் கற்றுக்கொடுத்த வித்தை அது. ஜோசே மொரைஸும் அவருடைய குழுவினரும் 1979-இல் வெளியிட்ட போர்ச்சுகல் ஆய்வில், எழுத்தறியாதவர்களிடமும், வளர்ந்த பின் படிக்கக் கற்றவர்களிடமும், ஒரு சொல்லின் முதல் ஒலியை நீக்கியோ புதிதாக ஓர் ஒலியைச் சேர்த்தோ சொல்லுமாறு கேட்டார்கள். பொருளற்ற சொற்களில் முன்னவர்கள் 19 சதவீத அளவுக்கே சரியாகச் சொன்னார்கள். பின்னவர்கள் 70 சதவீதத்தைத் தாண்டினார்கள். சீனாவில் நடத்தப்பட்டு 1986-இல் வெளியான ஆய்வு இன்னும் அழகானது. சீனச் சித்திர எழுத்துகளை மட்டுமே படித்தவர்களுக்கு இந்தச் சோதனை கைவரவில்லை. பின்யின் என்னும் அகரவரிசை முறையையும் கற்றிருந்தவர்களுக்கு வந்தது. இத்தனைக்கும் முதல் குழுவினர் நன்றாகப் படிக்கத் தெரிந்தவர்கள்.

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா' என்ற பழமொழியை இந்த இடத்தில் எடுத்து நீட்டுபவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. மூளை ஆய்வாளர் ஸ்டானிஸ்லாஸ் டெஹேன் குழுவினர் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், பிரேசிலையும் போர்ச்சுகலையும் சேர்ந்த 63 பெரியவர்களின் மூளையைப் படம்பிடித்தார்கள். எழுத்தை அடையாளம் காணும் இடப்பக்கப் பகுதி, வளர்ந்த பின் படிக்கக் கற்ற 22 பேர் அடங்கிய குழுவிலும் உருவாகியிருந்தது. மொழி ஆய்வுகள் பெரும்பாலும் கைக்கெட்டும் பல்கலைக்கழக மாணவர்களை வைத்தே நடக்கின்றன. எழுத்தறியாத பெரியவர்களைத் தேடிச் செல்லும் ஆய்வுகளுக்கும் நிதி தாராளமாகக் கிடைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

இனி வகுப்பறைக்கு வருவோம். அசையும் எதுகையும் எழுத்தறியாதவர்களுக்கும் ஓரளவு பிடிபடுபவை என்பதால், அங்கிருந்து தொடங்கலாம். சொற்களை, மாணவர் ஏற்கெனவே வாயால் பேசும் ஆங்கிலத்திலிருந்தே எடுக்க வேண்டும். பொருள் தெரியாத சொல்லை எழுத்துக் கூட்டச் சொல்வது இரட்டைச் சுமை. தாய்மொழிக்கு எழுத்து இருந்து, அதை முதலில் கற்பிக்க ஆள் இருந்தால் மிகவும் நல்லது; ஒலிக்கு எழுத்து நிற்கும் என்ற சூட்சுமத்தை ஒருவர் வாழ்நாளில் ஒரே ஒரு முறை கண்டுபிடித்தால் போதும். கோட்டோவியங்கள் நிறைந்த பயிற்சித்தாள்களை நம்ப வேண்டாம். அவற்றைப் பார்த்துப் பொருளை அடையாளம் காண்பதே பள்ளி தந்த பழக்கம் என்பதால், நிஜப் பொருளைக் கையில் கொடுப்பதே மேல்.

எந்த எழுத்தில் தொடங்குவது என்றும் வாசகி கேட்டிருந்தார். மேலே சொன்ன சீழ்க்கைகளே அதற்கு விடை தருகின்றன. 'பேக்' மிக மோசமான தொடக்கம். அதன் முதல் மெய் உதடு திறந்த கணத்தில் உயிரோடு கலந்துவிடும். உயிரின் துணையின்றி நீட்டிச் சொல்லக்கூடிய மெய்கள் சில இருக்கின்றன. 'மேன்', 'சன்' போன்ற சொற்களை எடுத்து, 'ம்ம்ம்' என்றும் 'ஸ்ஸ்ஸ்' என்றும் இழுத்து, மாணவரும் தம் உதட்டையும் மூச்சையும் கவனிக்க நேரம் கொடுத்து, பிறகு மெதுவாக அடுத்த ஒலிக்கு நகரலாம்; ஒவ்வொரு ஒலிக்கும் மேசைமீது ஒரு பொத்தானை நகர்த்தச் சொல்லலாம். மூன்று பொத்தான்கள் நகர்ந்து முடிந்த பிறகு எழுத்துகளைக் காட்டினால் போதும். எழுத்தின் பெயர்களை இன்னும் தள்ளிப்போடலாம். 'டபிள்யூ' என்ற பெயரைக் கேட்டு அந்த எழுத்தின் ஒலியை ஊகிக்க யாரால் முடியும்?