தரவு பொதுவில் இருந்தால் போதுமா? நிரல் எங்கே?

போன மாதம் மறுபடியும் ஒன்று. ஆர்க்டிக் கடல் பனியின் பரப்பைப் பற்றிய ஒரு பழைய ஆய்வைத் திரும்பச் செய்து பார்க்க உட்கார்ந்தோம். அதே செயற்கைக்கோள் தரவு, அதே ஆண்டுகள். எங்கள் வரைபடத்தில் 1987-இல் ஒரு படி ஏறியது, அவர்களுடையதில் இல்லை. கணக்குப் போட்ட கணினி நிரலைக் கேட்டு எழுதினோம். அந்த நிரலை எழுதிய மாணவர் படிப்பு முடித்துப் போய்விட்டார், அந்த லேப்டாப்பும் இப்போது இல்லை என்று பதில் வந்தது. இந்த வருடத்தில் இது நாலாவது தடவை.

"தரவு எல்லாருக்கும் கிடைக்கிறது, முறையைக் கட்டுரையில் சொல்லிவிட்டோம், அப்புறம் நிரல் எதற்கு?" கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. "பனிச் செறிவைக் கூட்டி மொத்தப் பரப்பு கணக்கிடப்பட்டது" என்று கட்டுரையில் ஒரு வரி இருக்கும். செறிவு என்றால், வரைபடத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் பனி மூடிய பங்கு. அந்த வரியை வைத்துக்கொண்டு கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

வடதுருவத்தின் உச்சியை இந்தச் செயற்கைக்கோள்கள் பார்ப்பதில்லை. 1978-இல் ஏவிய நிம்பஸ்-7 செயற்கைக்கோளின் கருவிக்கு, பார்க்காமல் விடும் அந்த ஓட்டை சுமார் 11.9 லட்சம் சதுர கி.மீ. 1987-இல் வந்த அடுத்த கருவிக்கு 3.1 லட்சம்தான். ஓட்டையை விட்டுவிட்டுக் கூட்டினால் அந்த வருடம் பரப்பு திடீரென்று கூடும். பனி கூடவில்லை, கருவி பார்க்கும் இடம்தான் கூடியது. அவர்கள் ஓட்டையைச் சுற்றியுள்ள கட்டங்களின் சராசரியை எடுத்து நிரப்பியிருந்தார்கள். நல்ல முடிவுதான். அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு மூன்று வாரம் ஆனது.

இது ஒன்றுதானா? பழைய கோப்புகளில் செறிவு 0 முதல் 250 வரை, 250 என்றால் கட்டம் முழுவதும் பனி. 251 துருவ ஓட்டைக்கும் 254 நிலத்துக்கும் வைத்த குறியீடுகள், செறிவு அல்ல. அவற்றை விலக்காமல் 250-ஆல் வகுத்தால் கிரீன்லாந்து முழுவதும் கடல் பனியாகக் கணக்கில் ஏறும். ஏறியதைப் பார்த்திருக்கிறேன். '25 கி.மீ. கட்டம்' என்ற பெயரை நம்பி ஒவ்வொன்றையும் 625 சதுர கி.மீ. என்று பெருக்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உண்மையில் கட்டத்தின் பரப்பு 382-இலிருந்து 664 வரை மாறுகிறது. இவை எவையும் கட்டுரையில் இருக்காது. நிரலில் ஏழெட்டு வரியில் இருக்கும்.

"இன்னும் சுத்தப்படுத்தவில்லை, காட்டக் கூச்சமாக இருக்கிறது" என்கிற இளம் ஆய்வாளர்களே, தயவுசெய்து அப்படியே கொடுங்கள். உங்கள் கணக்கு ஓடியது அந்த அழுக்கு நிரலில்தான். எங்களுக்கு வேண்டியதும் அதுதான்.

நிரலைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் போட்டதோடு நிற்காதீர்கள். ஆய்வுக் கோப்புகளைச் சேமித்து வைக்கும் ஸெனோடோ தளத்தில் ஒரு பிரதி வைத்து, டிஓஐ எனும் நிரந்தர அடையாள எண் வாங்கி, அதைக் கட்டுரையில் குறிப்பிடுங்கள். உரிமம் எழுதுங்கள், எழுதாத நிரலை மற்றவர்கள் தாராளமாக எடுத்தாள முடியாது. பைத்தான் நிரல் மொழியின் எந்தப் பதிப்பு, எந்தத் தரவுப் பதிப்பு, என்றைக்கு இறக்கியது, எல்லாம் வேண்டும். தரவு இறக்கும் கடவுச்சொல்லை நிரலுக்குள் எழுதாதீர்கள்! எழுதிப் பொதுவில் போட்டுவிட்டால் அந்த வரியை அழிப்பது போதாது, பழைய பதிப்பில் அது கிடக்கும், கடவுச்சொல்லையே மாற்றுங்கள்.

வழிகாட்டிகளுக்கு: மாணவர் கிளம்புகிற வாரத்தில் அவருடைய நிரலை வேறொரு கணினியில் நீங்களே ஓட்டுங்கள். கட்டுரையின் முதல் படம் வருகிறதா என்று, அவர் பக்கத்தில் இருக்கும்போதே பார்த்துவிடுங்கள்.