கேம்பர் கூரை ஒழுகுகிறதா? சிலிக்கான் டியூபைக் கையில் எடுக்கும் முன்

ஒன்டாரியோவில் பனி உருகி, முதல் நல்ல மழை பெய்த மறுநாள் எங்கள் பட்டறையில் போன் ஓயாது. குளிர்காலம் முழுக்க வீட்டோரம் நின்ற கேம்பரை, அதாவது காருக்குப் பின்னால் இழுத்துப்போய்த் தங்கும் ட்ரெய்லரை, அன்றைக்குத்தான் திறந்து பார்த்திருப்பார்கள். மெத்தை நனைந்திருக்கும். உட்கூரையில் டீ சிந்தியது போலப் பழுப்புக் கறை படர்ந்திருக்கும். "வென்ட் பக்கத்துலதான் ஒழுகுது, நானே சிலிக்கான் வச்சு அடைச்சேன், அப்பவும் நிக்கல" என்பதுதான் வழக்கமான பேச்சு.

நம்மவர்களும் பழைய கேம்பர் வாங்கிக்கொண்டு கோடையில் அல்கோன்குவின், சாண்ட்பேங்க்ஸ் பூங்காக்கள் என்று கிளம்புகிறார்கள். வாங்கும்போது டயர், பிரேக், அடுப்பு எல்லாவற்றையும் பார்ப்பார்கள். ஏணி போட்டுக் கூரையைப் பார்ப்பவர்கள் குறைவு.

பெரும்பாலான ட்ரெய்லர்களில் கூரை என்பது சட்டத்தின் மேல் மெல்லிய ப்ளைவுட், அதன் மேல் பசை போட்டு ஒட்டிய ஈபிடிஎம் (ஒருவகை ரப்பர்) அல்லது டிபிஓ (ஒருவகை பிளாஸ்டிக்) விரிப்பு. விரிப்பின் நடுவில் தானாக ஓட்டை விழுவது அபூர்வம். மரக்கிளை கிழித்தால்தான் உண்டு. தண்ணீர் புகுவதெல்லாம் வண்டி கட்டும்போதே வெட்டிய இடங்களில்தான்: வென்ட் (கூரையில் உள்ள காற்றுத் திறப்பு), ஏசி, ஸ்கைலைட், ஆன்டெனா, கழிவுத் தொட்டியின் காற்றுக் குழாய், அப்புறம் கூரையும் சுவரும் சேரும் விளிம்புகள். சாலையில் ஓடும்போது வண்டி முறுக்கிக்கொள்ளும். வெயிலில் விரியும், மைனஸ் 20 டிகிரியில் சுருங்கும். மூட்டுகளை அடைக்கும் பசையான சீலன்ட்டில் மயிரிழை வெடிப்பு விழ இதுவே போதும். அதில் இறங்கிய நீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பருத்து, வெடிப்பை இன்னும் அகலமாக்கிவிடும். 7 மீட்டர் நீளம், 2.4 மீட்டர் அகலமுள்ள கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 170 லிட்டர் தண்ணீர். அதில் ஒரு டம்ளர் உள்ளே போனாலும் ப்ளைவுட் குடித்து வைத்துக்கொள்ளும்.

சொட்டும் இடம் வேறு, புகும் இடம் வேறு. இதை மட்டும் மனதில் வைத்தால் பாதி வேலை முடிந்தது. ஒருவர் கட்டிலுக்கு மேலே இருந்த விளக்கிலிருந்து சொட்டுகிறது என்று வண்டியைக் கொண்டுவந்தார். விளக்குக்கு நேர் மேலே இருந்த வென்ட்டைச் சுற்றி அவரே அடுக்கடுக்காகச் சிலிக்கான் பூசியிருந்தார். விளக்கைக் கழற்றிப் பார்த்தேன். துளையைச் சுற்றிய பலகை ஏறக்குறைய காய்ந்திருந்தது. கூரைக்குள்ளிருந்து வந்த வயர் மட்டும் நனைந்து, அதன் நுனியில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. வயர் போன திசையில் கூரை மேல் நடந்தால், இரண்டு மீட்டர் தள்ளி, பின்னாளில் மாட்டிய சோலார் பலகையின் கேபிள் நுழையும் சின்ன மூடி. அதன் ஒரு ஸ்க்ரூ தளர்ந்து தலை தூக்கியிருந்தது. தண்ணீர் அங்கே இறங்கி, கேபிளைப் பிடித்துக்கொண்டே நடந்து விளக்குக்கு வந்திருக்கிறது. வென்ட்டில் ஒரு குறையும் இல்லை.

ஒழுகுவது மழைதானா என்பதையும் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். வெயில் நாளில் ஏசி ஓடும்போது மட்டும் சொட்டினால் அது ஏசியின் தண்ணீர். வெளியேறும் வழியில் குப்பை அடைத்திருக்கும், அல்லது யாரோ ஏசியின் அடிப்பாகத்தைச் சுற்றிலும் சீலன்ட் பூசி வழியையே மூடியிருப்பார்கள். குளிர்ந்த காலையில் வென்ட் சட்டத்திலும் ஜன்னல் ஓரத்திலும் முத்து முத்தாக நிற்பது நாம் விட்ட மூச்சும் சமைத்த ஆவியும். இந்த இரண்டுக்கும் கூரையில் சீலன்ட் பூசிப் பயனில்லை.

மழைதான் என்று தெரிந்தால், முதலில் வெளி மின்சார இணைப்பைக் கழற்றி, பேட்டரியையும் துண்டித்துவிடுங்கள். அப்புறம் இரண்டு பேர் வேண்டும்: வெளியே ஒருவர் தோட்டக் குழாயுடன், உள்ளே ஒருவர் டார்ச்சுடன். கீழிருந்து மேலே போக வேண்டும். முதலில் ஜன்னல், பிறகு பக்க விளிம்பு, முன்பக்க உச்சியில் இருக்கும் சின்ன விளக்குகள், கடைசியில்தான் கூரை. ஒவ்வொரு இடத்திலும் சில நிமிடம் தண்ணீர் ஓடட்டும். எடுத்த எடுப்பிலேயே கூரை முழுக்கக் கொட்டினால் எங்கே புகுந்தது என்று கடைசிவரை தெரியாது. பிரஷர் வாஷர் வேண்டாம். நன்றாக இருக்கும் சீலன்ட்டையும் அது பிய்த்துவிடும்.

பட்டறையில் நாங்கள் செய்வது வேறு முறை. ஒரு வென்ட்டில் ஊதியைப் பொருத்தி, மற்ற திறப்புகளை அடைத்து, வண்டிக்குள் லேசான காற்றழுத்தம் ஏற்றுவோம். வெளியே மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவினால் ஓட்டை உள்ள இடத்தில் நுரை கிளம்பும். தனியாகக் காசு கொடுத்தாவது பழைய வண்டிக்கு ஒருமுறை இதைச் செய்துகொள்ளலாம் என்பது என் கருத்து. ஊகத்துக்கு வேலையே இல்லை.

சரி, இடம் தெரிந்துவிட்டது. இப்போதும் சிலிக்கான் வேண்டாம். ரப்பர் விரிப்பில் அது நிலைத்துப் பிடிக்காது. போதாக்குறைக்கு, ஒருமுறை பூசிய இடத்தில் அதன் மேல் வேறு எதுவும் சரியாக ஒட்டாது, புதுச் சிலிக்கான்கூட. நான் ஒழுகலை அடைக்கும் நேரத்தைவிட முன்பு யாரோ பூசிய சிலிக்கானைச் சுரண்டும் நேரம்தான் அதிகம். சமதளத்துக்கு, தானாகப் பரவி மட்டமாகும் கூரைச் சீலன்ட். டைகார் போன்றவை எளிதில் கிடைக்கும். சரிவுக்கும் விளிம்புக்கும் வழியாத வகையைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் கூரை எந்த விரிப்பு என்று தெரிந்துகொண்டு, அதற்கு ஏற்றது என்று டியூபில் போட்டிருக்கிறதா பாருங்கள். சுத்தம் செய்கிறேன் என்று பெட்ரோல், தின்னர் எதையும் ஈபிடிஎம்மில் ஊற்றிவிடாதீர்கள். உப்பிப் பசை விட்டுவிடும்.

வென்ட் சட்டமே ஆட்டம் கண்டிருந்தால் மேலே பூசுவது ஒப்பேற்றும் வேலை. கழற்றி, அடியில் புது பியூட்டைல் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் பட்டை) வைத்து, ஸ்க்ரூவை முறுக்கி, அதன் பிறகு ஓரத்தையும் ஸ்க்ரூ தலைகளையும் சீலன்ட்டால் மூட வேண்டும். ஏசிக்கு இது பொருந்தாது. அதன் கீழே 14 அங்குலச் சதுரத் திறப்பைச் சுற்றி இடைவெளியை அடைக்கும் நுரைப் பட்டை (கேஸ்கெட்) ஒன்று இருக்கும். உள்ளிருந்து போல்ட்டுகளைக் குறுக்கு மறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினால் பெரும்பாலும் நிற்கும். பலம் கொண்ட மட்டும் இறுக்கினால் கேஸ்கெட் நசுங்கி வீணாகிவிடும்.

எனக்குக் கவலை தருவது சொட்டும் வண்டி அல்ல, சொட்டாத வண்டி. தண்ணீர் சுவருக்குள் இறங்கி, ஆண்டுக்கணக்கில் மரத்தை அழுக வைத்துக்கொண்டிருக்கும். உள்ளே ஒரு கறைகூடத் தெரியாது. மூலையை மூடும் சட்டத்தில் (மோல்டிங்) ஓடும் பிளாஸ்டிக் பட்டையைக் கொஞ்சம் உருவிப் பாருங்கள். ஸ்க்ரூ தலைகள் துருப்பிடித்திருந்தால் ஒன்றைக் கழற்றுங்கள். புரியில் ஈர மரத்தூள் கரும்பிசினாக ஒட்டி வந்தால், அல்லது ஸ்க்ரூ பிடிமானமின்றிச் சும்மா சுழன்றால், உள்ளே மரம் போய்விட்டது. ஈரம் அளக்கும் மீட்டர் கையில் இருந்தால் மரத்தில் 20 சதவீதத்துக்கு மேல் காட்டும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் உலோகம் இருந்தால் மீட்டர் ஏமாற்றும். அதனால் விரலால் அழுத்தியும் பார்க்க வேண்டும். ஈரத்தை உள்ளே வைத்து மேலே அடைத்தால் அழுகல் நிற்காது. பலகையைத் திறந்து, ஈரம் உறிஞ்சும் இயந்திரம் வைத்து, முழுக்கக் காய்ந்த பிறகே மூட வேண்டும்.

பல தயாரிப்பாளர்களின் கையேடுகள் 90 நாளைக்கு ஒருமுறை சீலன்ட்டைப் பார்க்கச் சொல்கின்றன. நடைமுறையில் நான் சொல்வது, நவம்பரில் மூடி வைக்கும் முன் ஒருமுறை, ஏப்ரலில் திறக்கும்போது ஒருமுறையாவது கட்டாயம். ஏணியில் நின்றபடி பார்த்தால் போதும். ஏற வேண்டியிருந்தால் எடை பரவ ஒரு ப்ளைவுட் துண்டைப் போட்டு, அதன் மேல் மண்டியிடுங்கள். வண்டியில் ஏணி இருப்பதால் கூரை ஆள் எடையைத் தாங்கும் என்று எண்ணிவிட வேண்டாம்.

பார்க்கும்போதெல்லாம் ஒவ்வொரு மூட்டையும் தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் புகுந்த நீரால் வந்த சேதத்தைக் காப்பீட்டு நிறுவனங்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை. கிளை விழுந்து கிழிந்தது போன்ற திடீர்ச் சேதம் என்றால், அதற்கு முந்தைய மாதம் கூரை நன்றாக இருந்ததற்கு அந்தப் போட்டோதான் சாட்சி.