பென்சிலுக்கு முன்னால் புளியங்கொட்டை

"மூன்றரை வயசாச்சு மேடம், இன்னும் 'அ' எழுத மாட்டேங்கிறான். கையைப் பிடிச்சு எழுத வச்சா அழறான்."

பள்ளி திறந்த சில வாரங்களில் இந்தப் புகாரோடு பெற்றோர் வரத் தொடங்குவார்கள். அன்றாட வேலைகளைச் செய்யக் கைகால்களைப் பழக்கும் சிகிச்சையாளர், அதாவது ஆக்குபேஷனல் தெரபிஸ்டான நான் அந்தப் பிள்ளையிடம் பென்சிலை நீட்டுவதில்லை. கையையும் காலையும் ஊன்றி யானை மாதிரி நடக்கச் சொல்வேன். நாலு எட்டு வைப்பதற்குள் பலருக்கு முழங்கை மடங்கிவிடும். தோள் உறுதியானால்தான் மணிக்கட்டு நிலையாக நிற்கும். மணிக்கட்டு நின்றால்தான் விரல்கள் தனித்தனியாக அசையும். மணிக்கட்டில் உள்ள 8 சிறு எலும்புகளில் பாதிக்கு மேல் மூன்று வயதில் வெறும் குருத்தெலும்புதான். இந்தக் கையிடம் பக்கம் பக்கமாக எழுத்தைக் கேட்கிறோம்.

நான் அதிகம் நம்புவது பல்லாங்குழியை. ஆட்ட விதி எதுவும் வேண்டாம். 14 குழியிலும் குழிக்கு ஒன்றாகப் புளியங்கொட்டை போடச் சொன்னால் போதும். உள்ளங்கையில் நாலைந்தை அடக்கிக்கொண்டு, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஒன்றை மட்டும் நகர்த்தி விடுவது பெரிய வித்தை. பின்னாளில் பென்சிலை உருட்டிப் பிடிப்பதும் இதே அசைவில்தான். கூடவே, ஒரு குழிக்கு ஒரு கொட்டை, ஒரு கொட்டைக்கு ஒரு எண் என்று எண்ணிக்கையும் கையில் படிகிறது. ஒன்று முதல் நூறு வரை ஒப்பிக்கும் பிள்ளைகள் சிலர், ஏழு கொட்டையை எடுத்துத் தரச் சொன்னால் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். வாயில் இருக்கும் எண் கைக்கு இறங்கவில்லை.

மணலைக் குவித்துக் குச்சியை ஒளிக்கும் கிச்சுகிச்சுத் தாம்பாளமும் அருமையானது. கண்ணால் பார்க்காமல் விரலாலேயே பொருளைக் கண்டுபிடிக்க அது பழக்குகிறது. பாண்டி ஆட்டத்தில் நொண்டியடிப்பது பெரும்பாலும் நாலு வயதுக்கு மேல்தான் வரும். அதுவரை கட்டத்துக்குக் கட்டம் இரண்டு காலாலும் குதிக்கட்டும்.

மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் நாளுக்கு 180 நிமிடமாவது ஓடியாட வேண்டும், அதில் 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கு இருக்க வேண்டும், திரை ஒரு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. மாடிவீட்டுப் பிள்ளைக்கு இது கஷ்டம்தான், எனக்கும் தெரியும். மொட்டைமாடியில் சாக்பீஸால் பாண்டிக் கட்டம் போடுங்கள். சப்பாத்தி மாவை உருட்டக் கொடுங்கள். துவைத்த துணியைப் பிழியச் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை. மூன்று வயதுக்குக் கீழே கொட்டை, கோலி, சோழி எதுவும் கைக்கு எட்டக்கூடாது. தொண்டையில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. அதற்கு மேற்பட்ட பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார்ந்துதான் ஆடவிட வேண்டும்.

ஐந்து வயது முடிந்தும் ஒற்றைக் காலில் குதிக்க வரவில்லை, ஒரு வயதுக்குள்ளேயே ஒரு கையை மட்டும் பயன்படுத்துகிறது, முன்பு செய்ததை இப்போது செய்வதில்லை: இவற்றில் ஒன்று கண்ணில் பட்டாலும் "வளர்ந்தா சரியாயிடும்" என்று காத்திருக்காதீர்கள். முதலில் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். அரசு மருத்துவமனையில் இயங்கும் மாவட்ட தொடக்கநிலை இடையீட்டு சேவை மையத்தில் இதற்கான பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம்.